சேற்றுநீரும் மின்சாரமும்: மடி வாட்டர்ஸ் வாழ்க்கை

பாடகர் ஒருவர் தம் பாடல்கள் இரண்டை ஏழாண்டு இடைவெளியில் இருமுறை ஒலிப்பதிவு செய்தார். முதன்முறை 1941ஆம் ஆண்டு ஆகஸ்டு இறுதியில், அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்துப் பருத்திப் பண்ணை ஒன்றில், தம் மரக்குடிலில் அமர்ந்து சாதாரணக் கிதாரை மீட்டிப் பாடினார். இரண்டாம் முறை 1948ஆம் ஆண்டு ஏப்ரலில், சிகாகோ மாநகரத்து ஒலிப்பதிவுக் கூடத்தில் மின்கிதாரை ஏந்திப் பாடினார். பல்லவியும் மெட்டும் பெரும்பாலும் பழையனவே. ஆயினும் முதற் பதிவு நாட்டு நூலகத்தின் ஆவணமாயிற்று. இரண்டாம் பதிவு ஒரு நகரத்து மக்களின் குரலாயிற்று. அவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே மடி வாட்டர்ஸ் என்று உலகம் அறிந்த மக்கின்லி மார்கன்ஃபீல்டின் வாழ்க்கை.

மரபுக்கும் புதுமைக்கும் இடையிலான உறவைப் பற்றி நாம் பேசாத கூட்டமில்லை. அந்த வினாவைக் கொள்கையாக எழுப்பாமல், கூலிக்கும் வயிற்றுக்கும் இடையில் நின்று தம் கைகளால் விடை தேடியவர் இவர். அதனாலேயே கவிஞர்கள் இவர் கதையை அறிந்திருத்தல் நலம்.

பண்ணையும் பாட்டும்

மிசிசிப்பி டெல்ட்டா என்று வழங்கும் நிலப்பகுதி ஆற்றின் முகத்துவாரம் அன்று. மிசிசிப்பி, யாசூ என்னும் இரண்டு ஆறுகளுக்கு இடையே பரந்து கிடக்கும் வண்டல் சமவெளி அது. கருமண் செழித்த அந்நிலத்தில் பருத்தியே தெய்வம். 1865இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தபின், விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் நிலமின்றி நின்றனர். பண்ணை முதலாளியின் நிலத்தில் வாரத்துக்கு உழுது, விதைக்கும் உணவுக்கும் அவர் கடையிலேயே கடன்பட்டு, ஆண்டிறுதியில் கணக்குப் பார்க்கும்போது கையில் ஒன்றும் மிஞ்சாமல் மீண்டும் அதே நிலத்துக்குத் திரும்புவது அவர்கள் வழக்கமாயிற்று.

அத்தகைய குடும்பமொன்றில் மக்கின்லி பிறந்தார். பிறந்த நாள் ஏப்ரல் 4. ஆண்டு 1915 என்றும் ஊர் ரோலிங் ஃபோர்க் என்றும் அவரே கூறிவந்தார். 1930களின் சில ஆவணங்கள் 1913 எனக் காட்டுகின்றன. தந்தை ஆலி மார்கன்ஃபீல்ட் உழவர், கிதார் வாசிப்பவர். தாய், மகன் கைக்குழந்தையாய் இருந்தபோதே மறைந்தார். பாட்டி டெல்லா கிராண்ட் பேரனை எடுத்து வளர்த்தார். ஓடைச் சேற்றில் ஓயாமல் அளைந்து விளையாடிய பிள்ளைக்குச் சேறு என்னும் பொருள்படும் ‘மடி’ என்ற செல்லப்பெயரை இட்டவரும் பாட்டியே. நீர் என்னும் பொருளுடைய ‘வாட்டர்ஸ்’ பின்னால் வந்து சேர்ந்தது. சேற்றுநீர் என்ற அந்தப் பெயரை அவர் ஒருநாளும் உதறியதில்லை.

பாட்டி கிளார்க்ஸ்டேல் நகரை அடுத்த ஸ்டோவால் பண்ணைக்குக் குடிபெயர்ந்தார். சிறுவன் சில ஆண்டுகளே பள்ளி சென்றான். பின்னர் பருத்திக் காடே பள்ளியாயிற்று. எழுத்துப் பயிற்சி அவருக்கு மிகக் குறைவு. பாடல்களை அவர் காதால் கற்றார், நெஞ்சில் எழுதினார், வாயால் வெளியிட்டார். முதலில் மவுத் ஆர்கன் வாசித்தார். பதினேழாம் வயதில் ஒரு குதிரையை விற்று, வந்த பணத்தில் பாதியைப் பாட்டியிடம் கொடுத்துவிட்டு, மீதியிலிருந்து ஏறத்தாழ இரண்டரை டாலருக்குப் பழைய கிதார் ஒன்றை வாங்கினார்.

அந்நிலத்தின் பாட்டுக்கு ப்ளூஸ் என்று பெயர். வயலில் ஒருவர் குரலெடுத்துக் கூவுவதும், கூட்டாக வேலை செய்வோர் மாறி மாறிப் பாடுவதும், தேவாலயத்து வழிபாட்டுப் பாடலும் அதன் மூதாதையர். அதன் யாப்பு எளிது. முதலடி ஒரு செய்தியைச் சொல்லும். இரண்டாமடி அதையே திருப்பிச் சொல்லும். மூன்றாமடி அதற்கு விடையளித்து முடிக்கும். பன்னிரண்டு தாள அளவைகளுக்குள் இந்த மூன்றடியும் அடங்கும். ஒவ்வோர் அடியின் பிற்பாதியில் குரல் ஓய, கருவி பதில் சொல்லும். திருப்பிச் சொல்லும் அடி வெறும் மறுபதிப்பு அன்று. பாடுபவர் மூன்றாமடியைத் தேடிக்கொள்ளும் அவகாசமும், கேட்பவர் முதலடியின் சுமையை உணர்ந்துகொள்ளும் அவகாசமும் அதில் உண்டு. மேலைச் சுரவரிசையின் மூன்றாம் ஏழாம் சுரங்களைச் சற்றே தாழ்த்தி வளைத்துப் பாடுவது அதன் தனித்தன்மை. அந்த வளைவைக் கருவியில் கொண்டுவர, உடைந்த புட்டியின் கழுத்தை விரலில் மாட்டி நரம்புகளின் மேல் வழுக்கி வாசிப்பர்.

இக்கலையை மடி வாட்டர்ஸ் கற்றது சன் ஹவுஸ் என்பவரைக் கேட்டு. மதபோதகராக இருந்து பாடகரான ஹவுஸின் குரலில் தேவாலயமும் மதுக்கடையும் ஒன்றாக ஒலிக்கும். 1938இல் இளமையிலேயே மறைந்த ராபர்ட் ஜான்சனின் இசைத்தட்டுகளும் அவருக்கு ஆசானாயின. பகலில் டிராக்டர் ஓட்டி, இரவில் தம் குடிலையே களியாட்டக் கூடமாக்கி, கள்ளச்சாராயம் விற்று, காசு போட்டால் பாடும் ஜூக்பாக்ஸ் ஒன்றையும் வைத்து, சனிக்கிழமைகளில் தாமே பாடினார்.

தன் குரலைக் கேட்ட நாள்

1941இல் அக்குடிலைத் தேடி இருவர் வந்தனர். ஒருவர் அமெரிக்க நாட்டு நூலகத்துக்காக நாட்டார் பாடல்களைத் திரட்டிவந்த ஆலன் லோமாக்ஸ். மற்றவர் கறுப்பின மாணவர்களுக்கான ஃபிஸ்க் பல்கலைக்கழகத்தின் இசைப் பேராசிரியர் ஜான் வொர்க். சாராயம் காய்ச்சுவதைக் கண்டுபிடிக்க வந்த அரசு ஆட்களோ என்று மடி வாட்டர்ஸ் முதலில் அஞ்சினார். அவர்கள் தம் பாடலைத் தட்டில் பதிந்து உடனே திருப்பிப் போட்டுக் காட்டியபோது அச்சம் போய் வியப்பு வந்தது. தம் குரல் தமக்கு வெளியே நின்று ஒலிப்பதை அவர் கேட்டார். இசைத்தட்டுகளில் கேட்ட பெரும் பாடகர்களுக்குத் தாமும் இணை என்ற எண்ணம் அன்று அவருள் முளைத்தது.

லோமாக்ஸ் பின்னர் அவருக்கு இசைத்தட்டின் இரண்டு படிகளையும் 20 டாலர் காசோலையையும் அனுப்பினார். மடி வாட்டர்ஸ் நல்ல உடை உடுத்தி, தட்டைக் கையிலேந்திப் புகைப்படம் எடுத்துக்கொண்டார். தட்டை ஜூக்பாக்ஸில் வைத்துத் தாமே கேட்டார். 1942இல் லோமாக்ஸ் மீண்டும் வந்து மேலும் பதிவு செய்தார்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த ஆய்வில் ஜான் வொர்க் எழுதிய கையெழுத்துப் படி நெடுங்காலம் வெளிவராமலே கிடந்தது. 2005இல்தான் அது நூலுருப் பெற்றது. பாடியவருக்கு 20 டாலரேனும் கிடைத்தது. ஆய்ந்தவருள் ஒருவருக்கு உரிய பெயர்கூட அறுபதாண்டுக்கு மேல் கிடைக்கவில்லை. பாட்டு யாருக்குச் சொந்தம் என்ற வினா மடி வாட்டர்ஸ் வாழ்க்கையில் அன்று தொடங்கி இறுதிவரை உடன் வந்தது.

வடக்கு நோக்கிய இரயில்

1943ஆம் ஆண்டு. டிராக்டர் ஓட்டியதற்கு மணிக்கு 22 சென்ட் அளவில் கூலி. அதை 25 சென்ட் ஆக்கித்தருமாறு அவர் பண்ணைக் கங்காணியிடம் கேட்டார். கங்காணி சினந்து மறுத்தார். மூன்று சென்ட் கேட்டதற்குக் கிடைத்த அந்தச் சுடுசொல் அவரை ஊரைவிட்டுக் கிளப்பியது. அந்த மே மாதத்தில் ஒரு பெட்டியும் ஒரு கிதாருமாய்க் கிளார்க்ஸ்டேலில் இரயில் ஏறிச் சிகாகோ சேர்ந்தார்.

அந்த இரயிலில் அவர் தனியர் அல்லர். தெற்கின் பருத்திக் காடுகளிலிருந்து வடக்கின் ஆலை நகரங்களுக்குக் கறுப்பின மக்கள் இலட்சக்கணக்கில் பெயர்ந்துகொண்டிருந்த காலம் அது. 1940இல் சிகாகோவில் கறுப்பின மக்கள் 2,77,731 பேர். 1950இல் 4,92,265 பேர். உலகப் போரால் ஆலைகளுக்கு ஆள் தேவைப்பட்டது. தெற்கே அவர்கள் தேவை குறையத் தொடங்கியது. 1944 அக்டோபரில் கிளார்க்ஸ்டேலுக்கு அருகில் உள்ள ஹாப்சன் பண்ணையில் பருத்தி பறிக்கும் இயந்திரங்கள் பலர் முன்னிலையில் இயக்கிக் காட்டப்பட்டன. கையால் பருத்தி பறிக்கும் வாழ்வுக்கு அன்று முடிவு எழுதப்பட்டது எனலாம். அவ்வாழ்வின் பாட்டு வேறிடம் தேடியாக வேண்டியிருந்தது.

சிகாகோவில் அவர் காகிதப் பெட்டி ஆலையில் வேலை செய்தார். பின்பு சன்னல் மறைப்புகளை வீடுகளுக்குக் கொண்டுசேர்க்கும் வண்டியை ஓட்டினார். இரவில் தெற்குப் பகுதி வீடுகளில், வாடகைக்குப் பணம் திரட்ட நடக்கும் விருந்துகளில் பாடினார். அக்கால நகரத்து ப்ளூஸ் பியானோவும் தாள வாத்தியமும் சேர்ந்து மெருகேறிய இசை. அதில் முதன்மை பெற்றிருந்த பிக் பில் ப்ரூன்சி, நாட்டுப்புறத்திலிருந்து வந்த இந்தப் புதியவரை இகழாமல் ஏற்று, மேடைகளில் வாய்ப்பளித்தார். அந்த நன்றியை மடி வாட்டர்ஸ் மறக்கவில்லை. 1958இல் ப்ரூன்சி மறைந்தபோது பாடை சுமந்தவர்களுள் அவரும் ஒருவர். 1960இல் ப்ரூன்சியின் பாடல்களை மட்டுமே கொண்ட ஓர் இசைத்தட்டையும் வெளியிட்டார்.

நகரத்தில் ஓர் இடையூறு இருந்தது. மதுக்கடையில் நூறு பேர் பேசிச் சிரித்துக் குடித்துக்கொண்டிருக்க, மரக்கிதாரின் மெல்லொலி எவர் காதிலும் விழவில்லை. மாமன் ஒருவர் அவருக்கு முதல் மின்கிதாரைத் தந்தார். எஃகு நரம்பின் அடியில் காந்தமும் கம்பிச் சுருளும் இருக்கும். நரம்பின் அதிர்வு மின்னோட்டமாகி, வால்வுகள் கொண்ட ஒலிபெருக்கி வழியே பெருகி வரும். உரக்கக் கேட்கவேண்டும் என்பதே அவர் நோக்கம். ஆயின் கருவி மாறியதும் இசையின் தன்மையும் மாறியது. மரக்கிதாரில் விரைவில் மங்கிப்போகும் ஒலி, மின்கிதாரில் நீண்டு நின்றது. வழுக்கி வாசிக்கும் சுரம் மனிதக் குரல்போல் அழுதது. ஒலிபெருக்கியைத் தாங்கும் அளவுக்கு மேல் உரக்க வைத்தபோது அதில் ஒரு கரகரப்பு ஏறியது. ஆலையும் இரயிலும் நிறைந்த நகரத்தின் ஒலியே அக்கரகரப்பில் இருந்தது.

மின்கிதாரில் ப்ளூஸ் வாசித்தவர்களுள் இவர் முதல்வர் அல்லர். டெக்சாஸில் பிறந்த டி-போன் வாக்கர் 1940களின் தொடக்கத்திலேயே அதில் புகழ்பெற்றிருந்தார். வாக்கரின் இசை ஜாஸ் நயம் கலந்து மெருகேறியது. மடி வாட்டர்ஸ் செய்தது வேறு. பருத்திக் காட்டின் கரடுமுரடான பாட்டை, அதன் முரட்டுத்தனம் சிறிதும் குறையாமல் மின்சாரத்தில் ஏற்றினார்.

ஒரே நாளில் விற்ற தட்டு

1946இல் கொலம்பியா நிறுவனத்துக்கு அவர் பாடிய பாடல்கள் அப்போது அவர் பெயரில் வெளிவரவில்லை. மறு ஆண்டு அரிஸ்டோக்ராட் என்னும் சிறு நிறுவனத்துக்குப் பாடினார். அதில் பங்கு கொண்டிருந்த லியோனார்ட் செஸ், போலந்திலிருந்து குடியேறிய யூதக் குடும்பத்தவர். தெற்குப் பகுதியில் மதுக்கூடம் நடத்தியவர். இந்த நாட்டுப்புறக் குரலை யார் வாங்குவர் என்று அவர் ஐயுற்றார்.

1948 ஏப்ரலில், டபுள் பாஸ் வாசித்த பிக் கிராஃபோர்ட் ஒருவரே துணையாக, மடி வாட்டர்ஸ் தம் ஸ்டோவால் பாடல்கள் இரண்டையும் மின்கிதாரில் பாடிப் பதிந்தார். ‘ஐ காண்ட் பி சாட்டிஸ்ஃபைட்’, ‘ஐ ஃபீல் லைக் கோயிங் ஹோம்’ என்பன புதிய தலைப்புகள். ஒன்று நிறைவின்மையையும் மற்றொன்று வீடு திரும்பும் ஏக்கத்தையும் சுட்டுவது. தட்டு ஒரு வாரக் கடைசியில் கடைக்கு வந்தது. முதற் பதிப்பு ஏறத்தாழ ஒரே நாளில் தீர்ந்தது. கடைக்காரர்கள் விலையை ஏற்றினர். ஒருவருக்கு ஒன்றுக்கு மேல் தர மறுத்தனர். பாடியவரே தம் தட்டை வாங்க அலைய நேர்ந்தது.

வாங்கியவர் யார்? தெற்கிலிருந்து வந்து ஆலைகளிலும் இறைச்சிக் கூடங்களிலும் உழைத்துக்கொண்டிருந்தவர்கள். ஊர் அவர்களுக்குப் பசியும் அவமதிப்பும் தந்திருந்தது. திரும்பிச் செல்ல எவரும் விரும்பவில்லை. ஆயினும் ஊரின் ஒலி அவர்களுக்கு வேண்டியிருந்தது. அந்த ஒலி நகரத்தின் வேகத்திலும் வலிமையிலும் வந்தபோது, இழந்ததும் பெற்றதும் ஒருங்கே அவர்கள் காதில் விழுந்தன.

1950இல் அரிஸ்டோக்ராட், செஸ் என்று பெயர் மாறியது. லியோனார்டும் தம்பி ஃபிலும் அதை நடத்தினர். அவ்வாண்டு வெளிவந்த மடி வாட்டர்ஸின் ‘ரோலிங் ஸ்டோன்’ பாடலிலிருந்தே பின்னாளில் புகழ்பெற்ற ஆங்கிலேய இசைக்குழு தன் பெயரை எடுத்துக்கொண்டது.

குழுவின் குரல்

மதுக்கூடங்களில் அவர் குழுவாகவே வாசித்தார். ஜிம்மி ராஜர்ஸ் இரண்டாம் கிதார். எல்ஜின் எவன்ஸ் டிரம்ஸ். சில ஆண்டுகள் கழித்துச் சேர்ந்த ஓடிஸ் ஸ்பான் பியானோ. இவர்களுள் வியப்புக்குரியவர் லிட்டில் வால்டர். சட்டைப்பையில் அடங்கும் மவுத் ஆர்கனைச் சிறிய ஒலிவாங்கியோடு சேர்த்து இரு உள்ளங்கைகளுக்குள் பொத்தி, ஒலிபெருக்கி வழியே ஊதினார். ஏழைச் சிறுவரின் விளையாட்டுக் கருவி சாக்ஸஃபோனுக்கு நிகரான கம்பீரம் பெற்றது. 1952இல் அவர் பெயரில் வந்த ‘ஜூக்’ என்னும் கருவியிசைத் தட்டு, கறுப்பின மக்களின் இசைப் பட்டியலில் எட்டு வாரம் முதலிடத்தில் நின்றது. அதன்பின் வால்டர் தனிக்குழு அமைத்துப் பிரிந்தார். எனினும் மடி வாட்டர்ஸின் பதிவுகளுக்கு வந்து வாசித்துக்கொண்டிருந்தார்.

இந்த அமைப்பே, அதாவது இரு மின்கிதார், ஒலிபெருக்கிய மவுத் ஆர்கன், பியானோ, பாஸ், டிரம்ஸ் ஆகியவை சேர்ந்ததே, சிகாகோ ப்ளூஸ் என்று இன்று வழங்குவது. தனியொருவர் தம் துயரைத் தாமே பாடி, தம் கிதாரிடமே விடை கேட்டது பழைய முறை. இப்போது பாடகரின் அடிக்கு ஒரு குழுவே விடை சொன்னது. தலைவர் தம் ஆட்களை அடக்கி ஆளவில்லை. ஒவ்வொருவருக்கும் பேச இடம் விட்டார். அவர் குழுவிலிருந்து தனிப் புகழ் பெற்று வெளியேறியவர்களின் பட்டியல் நீண்டது.

1954 ஜனவரியில் வில்லி டிக்சன் என்னும் பாஸ் கலைஞர் எழுதிய ‘ஹூச்சி கூச்சி மேன்’ பாடலைப் பதிந்தார்கள். மதுக்கூடத்தின் இடைவேளையில், கழிவறை அருகே நின்று டிக்சன் அதைச் சொல்லிக்கொடுத்ததாகவும், அன்றிரவே மடி வாட்டர்ஸ் அதை மேடையில் பாடியதாகவும் டிக்சன் பின்னர் கூறியிருக்கிறார். குழு முழுதும் ஓர் அதிர்ச்சி ஒலியை எழுப்பி நின்றுவிடும், அந்த அமைதியில் குரல் மட்டும் ஓரடி சொல்லும், மீண்டும் ஒலி, மீண்டும் அமைதி. மாந்திரீக நம்பிக்கைகளைக் கொண்டு தன் ஆண்மையைப் பறைசாற்றும் பாட்டு அது. தெற்கில் வயது முதிர்ந்த கறுப்பின ஆடவரையும் பையன் என்றே அழைத்த வெள்ளையர் வழக்கத்தை நினைத்தால், அந்த வீறாப்பின் அடியில் கிடக்கும் வலி புலப்படும்.

1955இல் செயின்ட் லூயிஸ் நகரத்து இளைஞர் ஒருவர் வந்து, தட்டுப் பதிய யாரைப் பார்ப்பது என்று மடி வாட்டர்ஸிடம் கேட்டார். லியோனார்ட் செஸ்ஸைப் பார்க்கச் சொன்னார். அந்த இளைஞர் சக் பெரி. அவருடைய துள்ளிசை நாட்டையே பற்றிக்கொண்டது. அடுத்த தலைமுறைக் கறுப்பின இளைஞர்கள் புதிய இசைகளின் பின்னே சென்றனர். ப்ளூஸ் பெற்றோரின் பாட்டாய், மறக்க விரும்பிய பருத்திக் காட்டின் நினைவாய் அவர்களுக்குத் தோன்றியது. வழிகாட்டியவருக்கே கூட்டம் குறைந்தது.

இரண்டு கரைகளின் ஏமாற்றம்

1958 அக்டோபரில் அவர் ஓடிஸ் ஸ்பானுடன் இங்கிலாந்து சென்றார். அங்குள்ளோர் ப்ளூஸ் என்று அறிந்திருந்தது, மரக்கிதாருடன் வந்து உழவர் பாடகராக அறிமுகமான பிக் பில் ப்ரூன்சியின் மென்மையை. மின்கிதாரை உரக்க மீட்டி மடி வாட்டர்ஸ் பாடியபோது விமரிசகர்கள் சிலர் முகம் சுளித்தனர். இது தூய நாட்டார் இசையன்று எனக் குறை கண்டனர். பருத்தி பறித்த விரல்களுக்குப் பருத்திக்காட்டு இசை எதுவென்று பிறர் கற்பிக்க முற்பட்ட விந்தை அது.

அவர் அதைச் சிந்தையில் வைத்தார். 1963இல் மீண்டும் சென்றபோது மரக்கிதாரை எடுத்துச் சென்றார். அதற்குள் அந்நாட்டு இளைஞர்கள் அவருடைய மின்னிசையைக் கேட்டுக் கற்று, தாமே குழுக்கள் அமைத்திருந்தனர். மின்கிதார் எங்கே என்று இப்போது அவர்கள் ஏமாந்தனர். கேட்பவர் விருப்பத்தைப் பின்தொடரும் கலைஞன் எப்போதும் ஓரடி பிந்தியே இருப்பான் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இவ்விரு பயணங்களுக்கும் இடையே, 1960ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் நியூபோர்ட் ஜாஸ் விழா நிகழ்ந்தது. முந்திய இரவு அந்நகரத்தில் இளைஞர் கூட்டம் கலவரத்தில் இறங்கியது; கண்ணீர்ப்புகை வீசப்பட்டது. விழாவை நிறுத்திவிட நகரமன்றம் முடிவு செய்து, ஞாயிறு பிற்பகல் ப்ளூஸ் நிகழ்ச்சியை மட்டும் இறுதியாக அனுமதித்தது. மடி வாட்டர்ஸ் குழு அங்கே வாசித்த இசை அப்படியே பதிவாகி, மேடை நிகழ்ச்சித் தட்டுகளுள் அழியாப் புகழ் பெற்றது. அரங்கில் இருந்தவர்களுள் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸும் ஒருவர். ப்ளூஸின் மூன்றடி யாப்பை 1920களிலேயே ஏட்டுக் கவிதைக்குள் கொண்டுவந்தவர் அவர். விழா அத்துடன் முடிகிறது என்றறிந்து, தந்திப் படிவம் ஒன்றை எடுத்து, நியூபோர்ட்டுக்கு விடைகூறும் ப்ளூஸ் பாடலொன்றை அங்கேயே எழுதிக்கொடுத்தார். ஓடிஸ் ஸ்பான் அதை மேடையில் பாடி முடித்துவைத்தார். பாட்டாய்ப் பிறந்த யாப்பு ஏட்டுக்குச் சென்று, மீண்டும் பாட்டாய்த் திரும்பிய மாலை அது.

கணக்கும் கடனும்

1964 ஜூனில் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் சிகாகோ வந்து செஸ் ஒலிப்பதிவுக் கூடத்திலேயே பாடிப் பதிந்தனர். தம் ஆசான் யார் என்பதை அமெரிக்க வெள்ளை இளைஞருக்கு அவர்கள் வெளிப்படையாகவே சொன்னார்கள். கடல் கடந்து சென்ற பாட்டு, பிறர் வாயிலாகத் தாய்நாட்டில் மதிப்புப் பெற்றது. மதிப்போடு பொருள் வந்ததா என்பது வேறு வினா.

1968இல் நிறுவனத்தார் இளைஞரைக் கவரும் எண்ணத்தில் அவர் குரலைச் சுற்றிப் புதுமோகக் கிதார் ஒலிகளை நிறைத்து ஒரு தட்டை வெளியிட்டனர். அது விற்றது; அவருக்கு உவப்பளிக்கவில்லை. தம் குழுவைக் கொண்டு மேடையில் நிகழ்த்த முடியாத இசை தமக்கு எதற்கு என்பது அவர் எண்ணம். மின்சாரத்தை மறுத்தவர்களையும், மின்சாரம் மட்டுமே போதும் என்று நினைத்தவர்களையும் அவர் ஒருங்கே கண்டார். அவருக்கு வேண்டியது குரலுக்கு விடை சொல்லும் கருவி. குரலை மூடும் கருவியன்று.

அடுத்தடுத்து இழப்புகள் வந்தன. 1968 பிப்ரவரியில் லிட்டில் வால்டர் மறைந்தார். 1969 அக்டோபரில் லியோனார்ட் செஸ் மறைந்தார். அதே மாதம் நேர்ந்த கார் விபத்தில் மூவர் இறந்தனர். மடி வாட்டர்ஸ் இடுப்பும் காலும் முறிந்து பல வாரம் படுக்கையில் கிடந்தார். 1970 ஏப்ரலில் ஓடிஸ் ஸ்பான் மறைந்தார். 1973இல் மனைவி ஜெனீவாவையும் இழந்து, சிகாகோவின் வீட்டை விட்டு வெஸ்ட்மண்ட் என்னும் புறநகருக்குக் குடிபெயர்ந்தார்.

1976இல் அவரும் வில்லி டிக்சனும் தம் பாடல்களின் பதிப்புரிமையை வைத்திருந்த ஆர்க் மியூசிக் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். செஸ் சகோதரர்களுக்கும் அந்நிறுவனத்தில் பங்கு இருந்தது. பாடல்களின் வருவாயில் தமக்கு உரிய பங்கு சேரவில்லை என்பது வழக்கு. அது மன்றத்துக்கு வெளியே உடன்படிக்கையில் முடிந்தது. பண்ணையில் ஆண்டிறுதிக் கணக்கை எதிர்த்துக் கேட்க முடியாத குடும்பத்தின் பிள்ளை, அறுபது வயதுக்கு மேல் தம் கணக்கைக் கேட்டுப் பெற்றார்.

அவ்வாண்டு நவம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் ‘தி பேண்ட்’ குழுவின் விடைபெறு நிகழ்ச்சியில் அவர் பாடியது திரைப்படமாகவும் பதிவாயிற்று. 1977இல் ஜானி வின்டர் என்னும் வெள்ளையினக் கிதார் கலைஞர், அலங்காரமெல்லாம் நீக்கி, பழைய சிகாகோ முறையில் அவரைப் பாடவைத்து ‘ஹார்ட் அகெய்ன்’ தட்டை உருவாக்கினார். அதற்குக் கிராமி விருது கிடைத்தது. வாழ்நாளில் அவர் பெற்ற கிராமி விருதுகள் ஆறு. 1978இல் குடியரசுத் தலைவர் கார்ட்டரின் முன் வெள்ளை மாளிகையில் பாடினார்.

1983 ஏப்ரல் 30ஆம் நாள், வெஸ்ட்மண்ட் வீட்டில், உறக்கத்திலேயே அவர் இதயம் நின்றது. சிகாகோவை அடுத்த ஆல்சிப்பில் அடக்கம் செய்யப்பட்டார்.

அவர் பிறர் ஏற அஞ்சிய மேடைகளில் ஏறியவர், பிறரையும் ஏற்றிவிட்டவர். ஸ்டோவால் பண்ணையின் மரக்குடில் இன்று கிளார்க்ஸ்டேல் டெல்ட்டா ப்ளூஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதன் பலகை ஒன்றை எடுத்து 1980களில் ஒரு மின்கிதார் செய்தார்கள். சிகாகோவில் அவர் வாழ்ந்த வீட்டை 2021இல் நகர நிருவாகம் பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தது.

காப்பது நன்று, லோமாக்ஸும் வொர்க்கும் பதியாதிருந்தால் ஸ்டோவாலின் குரல் நமக்குக் கிடைத்திராது. ஆயினும் அந்தப் பதிவோடு அவர் நின்றிருந்தால், நூலக அலமாரியில் ஒரு தட்டு மட்டுமே எஞ்சியிருக்கும். சிகாகோ மதுக்கடையின் இரைச்சலுக்குள் அதே பாட்டை எடுத்துச் சென்று, அங்கிருந்தவர் காதில் விழும்படி பாடியதால்தான் அது வாழ்ந்தது. எழுத்தறிவு மிகக் குறைந்த ஒருவர் தம் மூன்றடிப் பாட்டுக்குச் செய்த இப்பணியை, எழுத்தையே துணையாகக் கொண்ட நாம் நம் பாவடிவங்களுக்குச் செய்திருக்கிறோமா? பத்தாண்டு நிறைவில் நம் வட்டம் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய வினா இது.